‘ரியலி’க்கு வாடகை 1,500 ரூபாய்

எங்கள் வீட்டில் ‘வீட்டுக்காரர்’ என்றால் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறார், வீடு அவருடையது. இன்னொருவர் நங்கநல்லூரில் அந்த வீட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறார், வாடகை அவருடையது. என் மனைவி போனில் யாரிடமாவது “வீட்டுக்காரர் சொன்னா கேக்க மாட்டேங்கறார்” என்று சொல்லும்போதெல்லாம், எந்த வீட்டுக்காரர் என்று பக்கத்து அறையிலிருந்து காதைத் தீட்டிக்கொள்வேன். பெரும்பாலும் நியூ ஜெர்சி இல்லை.

மே மாதக் கடைசியில் நியூ ஜெர்சிக்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜூன் முதல் வாடகை 18,000-லிருந்து 20,000. காரணங்கள் நாலு வரியில் இருந்தன. விலைவாசி என்பது அதில் ஒன்று. நியூ ஜெர்சி விலைவாசிக்கு நங்கநல்லூர் எப்படிப் பொறுப்பாகும் என்று எனக்குப் புரியவில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில்தான். இரண்டு மணி நேரம், மூன்று காபி. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியிருப்பது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவது, பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ், எல்லாவற்றையும் அடுக்கிக் கடைசியில் ஒரு வரியைத் தனியாக வைத்தேன். உண்மையாகவே என்னால் இதற்கு மேல் தர முடியாது என்று அடித்துச் சொல்லும் வரி. அந்த ‘உண்மையாகவே’யில்தான் என் ஆத்திரமெல்லாம் இருந்தது. தட்டச்சு செய்தபோது மேஜையையும் ஒரு தட்டு தட்டினேன். “ஐ கான்ட் ரியலி பே மோர்.”

மறுநாள் காலையில் பதில். என் நிலைமை புரிகிறதாம். விட்டுக்கொடுக்கும் மனப்பான்மைக்கு நன்றியாம். ஆகவே 2,000 வேண்டாம், 1,500 போதுமாம்.

“பாத்தியா, ஒரே மெயில். ஐநூறு ரூபாய் குறைஞ்சுது” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிடாத குறையாக நின்றேன். எட்டாவது படிக்கும் பெண் தோள்வழியாக எட்டி, நான் அனுப்பியதைப் படித்தாள்.

“அப்பா, ‘ரியலி’ தப்பான இடத்துல உக்காந்திருக்கு.”

“எங்க உக்காந்தா என்னம்மா? சொல்ல வந்தது அதுதானே.”

“இல்லப்பா. ‘ஐ ரியலி கான்ட்’னாதான் நிஜமாவே முடியாதுன்னு அர்த்தம். ‘ஐ கான்ட் ரியலி’ன்னா அவ்வளவா முடியாதுன்னு அர்த்தம். கொஞ்சம் முடியும், ஆனா கஷ்டம்ங்கற மாதிரி.”

மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “அப்படின்னா ஒரு வார்த்தைய ஒரு இடம் தள்ளி உக்கார வச்சதுக்கா மாசம் ஆயிரத்தைநூறு?” அவளுக்குக் கணக்கு என்னைவிட வேகமாக வரும். “வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். அதாவது உங்க இங்கிலீஷுக்காகப் பதிமூணாவது மாசம்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு.”

அன்று இரவே பரணில் ஏறினேன். நான் பள்ளியில் வைத்திருந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் பழைய குக்கர் மூடிகளுக்கு அடியில் கிடைத்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக 1930-களில் எழுதப்பட்ட புத்தகம் அது. பிள்ளைகள் 1947-ஐ ஒட்டி ஊருக்குப் போய்விட்டார்கள். புத்தகம் நம்மிடமே தங்கிவிட்டது. இதில் ரென் என்பவர் நாவலாசிரியரும்கூட. பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்று எழுதிப் பெரிய பேர் வாங்கினார். பாலைவனத்தில் பட்டாளத்தை வரிசையாக நிறுத்தியவருக்கு ‘ரியலி’ மாதிரி வினையடையை வரிசையில் நிறுத்துவது எந்த மூலைக்கு!

படித்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது. வில், கேன், மஸ்ட், ஷுட், மே போன்றவை ஆங்கிலத்தில் துணைவினைகள். மோடல் என்பார்கள். இவை முன்னே போகும். முதல் வினை பின்னாலே வரும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கும். மாநகரப் பேருந்தில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் ஒருவர், வழியோரம் ஒருவர் உட்கார்ந்துகொண்டு நடுவில் ஒரு சாண் விட்டிருப்பார்களே, அந்த மாதிரி. அங்கேதான் வினையடை “கொஞ்சம் தள்ளுங்க” என்று வந்து உட்காரும். “ஐ வில் டெஃபனிட்லி கம்.” “யூ மஸ்ட் ஆல்வேஸ் லாக் த கேட்.” நுழைந்தது தெரியாமல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

எல்லோருக்கும் அந்த இடம் கிடைக்காது. ஆல்வேஸ், நெவர், ஆஃபன், ப்ராபப்ளி, சர்ட்டன்லி எல்லாம் நடு சீட்டுக்காரர்கள். டுமாரோ, எஸ்டர்டே, டெய்லி போன்ற நாள் கணக்குக்காரர்கள் கடைசி சீட்டுக்குப் போக வேண்டும். நான் ஒவ்வொரு மாதமும் நாலாம் தேதி வீட்டுக்காரருக்கு “ஐ வில் டுமாரோ பே” என்று எழுதிவந்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. மறுநாள் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதால் இலக்கணத்தை அவர் பொருட்படுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

துணைவினைகள் கூட்டமாக வந்தால் இன்னும் வேடிக்கை. தண்ணீர்த் தொட்டி சுத்தமாகியிருக்கும் என்று சொல்ல “த டேங்க் வுட் ஹேவ் பீன் கிளீன்ட்” என்று மூன்று துணைவினைகள் வரிசையில் நிற்கின்றன. ‘ப்ராபப்ளி’ என்ற சந்தேகப் பேர்வழி முதல் ஆளுக்குப் பின்னாலேயே, வுட்டுக்கும் ஹேவுக்கும் நடுவில், வாசலை ஒட்டி உட்காருவார். ‘ப்ராப்பர்லி’ என்று வேலையின் தன்மையைச் சொல்கிறவர் உள்ளே போய், தேய்க்கிறவன் பக்கத்தில், கிளீன்டுக்கு முன்னால் நிற்பார். எங்கள் குடியிருப்பில் இரண்டு பேரையும் அவரவர் இடத்தில் வைத்துப் பலமுறை நோட்டீஸ் ஒட்டியாயிற்று. தொட்டி மட்டும் கழுவப்படவில்லை.

சரி, நான் தோற்றது எங்கே? ‘நாட்’டில். கான்ட் என்பதன் வாலில் சுருண்டு கிடக்கிறதே, அந்த ‘நாட்’. பந்தியில் பரிமாறுகிறவரைப் போல அவர் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார். தனக்குப் பின்னால் இலை போட்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் ‘இல்லை’யைப் பரிமாறுவார். ‘ரியலி’ அவருக்கு முன்னால் உட்கார்ந்தால் தப்பித்தது. முழு வாக்கியத்தையும் அது அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்தால் அதன் இலையிலும் ஒரு கரண்டி ‘இல்லை’ விழுந்துவிடும். ‘உண்மையாகவே’ என்பது ‘அவ்வளவு உண்மையாக இல்லை’ ஆகிவிடும். நான் என் ஆத்திரத்தைக் கொண்டுபோய்ச் சரியாக அந்தக் கரண்டிக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறேன்.

‘ப்ராபப்ளி’க்கும் இதே கதை. “வில் ப்ராபப்ளி” என்று நடுவில் உட்காருகிற ஆள், ‘வில்’ ‘வோன்ட்’ ஆனதும் எழுந்து முன்னால் போய்விடுகிறார். “ப்ராபப்ளி வோன்ட்.” அவருக்கு இருக்கிற சமயோசிதம் எனக்கு இல்லை.

இந்த ஞானமெல்லாம் வந்த உற்சாகத்தில் பெண்ணின் வீட்டுப்பாடத்தில் மூக்கை நுழைத்தேன். கொடுத்த வினையடையைச் சரியான இடத்தில் சேர்த்து எழுதுக என்று பத்து வாக்கியங்கள். ஏழாவது கேள்வி: “மை ஃபாதர் கேன் ஹெல்ப் மீ.” சேர்க்க வேண்டிய சொல் ‘ஹார்ட்லி’.

“இது சுலபம்மா. ஹார்ட்னா கஷ்டப்பட்டு. ஹார்ட்லின்னா ரொம்பக் கஷ்டப்பட்டு. ‘மை ஃபாதர் கேன் ஹெல்ப் மீ ஹார்ட்லி.’ அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டு எனக்கு உதவறார். எழுதிக்கோ.”

அவள் ஒன்றும் சொல்லாமல் ‘ஹார்ட்லி’யைக் கேனுக்கும் ஹெல்ப்புக்கும் நடுவில் எழுதினாள். ‘அப்பாவால் எனக்கு உதவவே முடிவதில்லை’ என்று அதற்கு அர்த்தமாம். மறுநாள் டீச்சர் அதற்கு ஒரு சரி போட்டு ‘வெரி குட்’ என்றும் எழுதியிருந்தார். இலக்கணத்துக்குத்தான் என்று நம்புகிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. குடியிருப்பின் செயலாளர் என்ற முறையில், படிக்கட்டுக்குக் கீழே இருசக்கர வண்டி மட்டும் நிறுத்தலாம் என்று ஒரு நோட்டீஸ் எழுதினேன். “ரெசிடென்ட்ஸ் கேன் ஒன்லி பார்க் டூ வீலர்ஸ் ஹியர்.” கேனுக்கும் பார்க்குக்கும் நடுவில் ‘ஒன்லி’யை அழகாக உட்கார வைத்தோமே என்று பெருமையாக இருந்தது. தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற சார் ஒருவர் கதவைத் தட்டி, “நிறுத்த மட்டும்தான் செய்யலாமா? திருப்பி எடுக்கக் கூடாதா?” என்றார். அன்றைக்கு எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஃபௌலர் என்ற ஆங்கில அகராதிக்காரர் 1926-லேயே என் பக்கம் நின்றிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. இயல்பான பேச்சில் ‘ஒன்லி’ அங்கேதான் வந்து உட்காரும், அதைப் பிடித்து இழுத்து இடம் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது அவர் கட்சி. தரைத்தளத்து சாரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் நோட்டீஸ் கிழிந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஆங்கிலேயர்களுக்குள்ளேயே இந்த நடு இடத்தைப் பற்றி ஒரு தீட்டு உண்டு என்பதும் அந்தத் தேடலில் தெரிந்தது. ‘டு கோ’ என்பதில் டுவுக்கும் கோவுக்கும் நடுவில் யாரும் நுழையக் கூடாது என்று ஆசாரம் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற கான்டர்பரி தேவாலயத் தலைமைக் குரு 1864-இல் போட்ட புத்தகத்தில் முகம் சுளித்தார். அவர் சுளித்தது ‘டு’ விஷயத்துக்கு. பின்னால் வந்த சிலர் மடியை இன்னும் நீட்டி, வில், கேன், மஸ்டுக்குப் பக்கத்திலும் வினையடை அண்டக் கூடாது என்று கோடு போட்டு வைத்தார்கள். அதற்கும் ஃபௌலர்தான் பதில் சொன்னார். துணைவினைக்கும் வினைக்கும் நடுவில் உட்காருவதில் தப்பே இல்லை, சொல்லப்போனால் அதுதான் வினையடையின் சொந்த இடம் என்றார். இருந்தும் தீட்டு முழுசாகப் போகவில்லை. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நான் மனைவியிடம் கொண்டுபோய் நிறுத்திய சாட்சியும் அதுதான்.

2009 ஜனவரி 20. வாஷிங்டனில் ஒபாமா முதல்முறையாக அதிபர் பதவி ஏற்கிறார். பதவிப் பிரமாணம் செய்துவைப்பவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். பிரமாணம் மொத்தமே 35 சொல். அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதில் “ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்” என்று வருகிறது. ‘விசுவாசமாக’ என்பது வில்லுக்கும் எக்ஸிக்யூட்டுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நீதிபதி தாளைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னார். சொன்னவர் ‘ஃபெய்த்ஃபுலி’யை நடுவிலிருந்து கிளப்பி வாக்கியத்தின் கடைசிக்கு அனுப்பிவிட்டார். ஒபாமா அரசியல் சட்டம் கற்றுக்கொடுத்தவர். “ஐ வில் எக்ஸிக்யூட்” வரை வந்து, எங்கேயோ இடிக்கிறதே என்று நின்றார். நீதிபதி சுதாரித்து மறுபடி ஆரம்பித்தார், அதுவும் தடுக்கியது. கடைசியில் ஒபாமா அவர் முதலில் சொன்ன தப்பான வரிசையிலேயே சொல்லி முடித்தார். கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டீவன் பிங்கர் என்ற, மொழியை ஆராயும் உளவியல் பேராசிரியர் அந்த வாரமே பத்திரிகையில் எழுதினார். இது ஞாபகப் பிசகு இல்லை, இலக்கண மடி என்பது அவர் கட்சி. துணைவினையையும் வினையையும் பிரிக்கக் கூடாது என்ற பழக்கம் நீதிபதியின் கையில் ஊறியிருக்கிறது; நாக்கு தன்னை அறியாமல் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டது என்றார். அவர் சொன்னதை நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முந்தின வருஷம் பாப் டிலன் பாட்டு ஒன்றை மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக்காட்டியபோது, அதிலிருந்த கொச்சையையே துடைத்து வைத்தவர் அந்த நீதிபதி.

அதே 35 சொல்லில் இன்னொரு கூத்து இருக்கிறது. பின்பாதியில் வில்லுக்கும் ப்ரிசர்வுக்கும் நடுவில் ‘டு த பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி’ என்று ஆறு சொற்கள், ஒரு குடும்பமே, பாய் விரித்துப் படுத்திருக்கிறது. 1787-இல் எழுதினவர்களுக்கு அது உறுத்தவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் குடியரசுத் தலைவர் எடுக்கும் பிரமாணத்தின் ஆங்கில வடிவத்திலும் ‘ஃபெய்த்ஃபுலி’ அதே நடு இடத்தில்தான். அந்த ஆறு பேர் குடும்பமும் அங்கேயே. நம் ஊரில் அதனால் யாரும் தடுக்கி விழுந்ததாகத் தெரியவில்லை. தமிழில் பிரமாணம் எடுக்கும்போது நம் கவலை வேறு. ‘உளமார’ என்பதில் சின்ன ரவை விட்டுப் பெரிய றவைப் போட்டால் உளம் மாறிவிடும். சிலருக்கு அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

“அமெரிக்காவுலயே பெரிய கோர்ட்டுல இருக்கற தலைமை நீதிபதி. அவரே வினையடைய எங்க வைக்கறதுன்னு தெரியாம தடுமாறியிருக்கார். நான் எம்மாத்திரம்?” என்றேன்.

“அப்புறம் என்ன ஆச்சு?”

“மறுநாள் சாயங்காலம் வெள்ளை மாளிகைக்குப் போய் இன்னொரு தடவை பிரமாணம் செய்து வச்சார். தயாரான்னு அவர் கேக்க, தயார்தான், ஆனா இந்தத் தடவை ரொம்ப மெதுவா சொல்லலாம்னாராம் ஒபாமா.”

“பாத்தீங்களா, மறுநாளே திருத்திட்டார். நீங்க?”

எடுத்துக்காட்டு தேடிப் போகிறவன் அதன் மறுநாளையும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம் மொழியில் இந்தத் தொல்லை உண்டா என்று யோசித்தேன். தமிழில் வினையும் துணைவினையும் கடைசியில் போய்க் கைகோத்து நிற்கின்றன. தர முடியாது, தர வேண்டும். ‘உண்மையாகவே’, ‘கண்டிப்பாக’ போன்ற கனத்த ஆசாமிகள் வாசலோடு சரி. ‘தர உண்மையாகவே முடியாது’ என்று யாராவது சொன்னால் நமக்கே காது கூசுகிறது. உள்ளே போக அனுமதி ஏ, தான், உம், கூட மாதிரிச் சின்ன உருப்படிகளுக்கு மட்டும். தரவே முடியாது. தரத்தான் வேண்டும். தரக்கூட மாட்டான். ‘தரலாம்’ என்பதில் அந்தச் சந்தும் இல்லை; கதவே வைக்காமல் கட்டிய வீடு. அந்த ‘ஏ’ ஒற்றை எழுத்துத்தான், ஆனால் எத்தனை திடம்! ‘தரவே முடியாது’ என்று சொன்னவனிடம் யாரும் 1,500-க்குப் பேரம் பேச மாட்டார்கள்.

பக்கத்தில் படுத்திருந்த மனைவியை எழுப்பி இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் முழுசையும் கேட்டுவிட்டு, “என்னங்க, அவர் கும்பகோணத்துக்காரர்தானே?” என்றாள்.

“ஆமா.”

“தமிழ் நல்லாப் பேசுவாரே?”

“பேசுவார்.”

“அப்ப போனைப் போட்டு, ‘தரவே முடியாது சார்’னு சொல்லியிருக்கலாமே?”

ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. “எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?” என்றேன்.

“தெரிஞ்சுடுச்சு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் தலைமை நீதிபதியின் வழியைப் பின்பற்றினேன். பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். முந்தைய கடிதத்தில் ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது, அதை “ஐ ரியலி கான்ட் பே மோர்” என்று திருத்தி வாசிக்கவும் என்று. பெண் சரி பார்த்துத் தலையாட்டினாள். அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. ஒரே வரி. “ஐ கேன் வெல் அண்டர்ஸ்டாண்ட் யுவர் பொசிஷன்.” கேனுக்கும் அண்டர்ஸ்டாண்டுக்கும் நடுவில் ‘வெல்’ கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. குறை சொல்ல இடமில்லை. பெண் அதைத் தன் நோட்டில் எடுத்துக்காட்டாக எழுதிக்கொண்டாள். ரூபாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 5-ஆம் தேதி 19,500 ரூபாய் அனுப்பினேன். குறிப்பு எழுதச் சொல்லும் கட்டத்தில் ‘ரென்ட்’ என்று மட்டும் போட்டேன். வினையடை எதுவும் சேர்க்கவில்லை.